புதுப்பிப்பு: 47 வயதில் நீச்சல் உடை

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: முட்டிவலிக்கு நீந்தச் சொல்லிவிட்டார் டாக்டர், இந்த வயிறையும் தொடையையும் வைத்துக்கொண்டு நான் எதைப் போட்டுக் குளத்தில் இறங்குவது என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் வாங்கியது தவறு. உடம்பை மறைக்க வேண்டும் என்று இரண்டு அளவு பெரிதாக, பாவாடை வைத்த உடை எடுத்தேன். தண்ணீரில் பாவாடை மேலே மிதந்தது. கழுத்து வழியாக நீர் புகுந்து முன்பக்கம் உப்பியது. நீந்துவதைவிடத் துணியை இழுத்துவிடுவதே வேலையாகிவிட்டது.

அப்புறம் உங்களில் ஒருவர் சொன்னபடி, அரைக்கையும் முட்டிக்கு மேல்வரை காலும் உள்ள ஒற்றை உடை. கடையிலேயே கையைத் தலைக்கு மேல் தூக்கி, குனிந்து, குந்தி உட்கார்ந்து பார்த்தேன். தோளில் இழுக்கவில்லை, தொடையில் ஏறவில்லை. நனைந்தால் துணி கொஞ்சம் தளரும், அதனால் உலர்ந்திருக்கும்போது கச்சிதமாகவே இருக்கட்டும். ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் நூல் அதிகமுள்ள துணி குளோரினில் சீக்கிரம் தொய்ந்துவிடும், பாலியஸ்டர் தாங்கும். நீந்தி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் காயப்போடுகிறேன்.

சரி, வெட்கம்? உடை மாற்றும் அறையிலிருந்து குளத்துக்கு 20 அடி. முதல் வாரம் துண்டைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டுதான் நடந்தேன். தினமும் வரும், அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா அதை வாங்கி நாற்காலியில் போட்டுவிட்டு, "வாம்மா, தண்ணி நல்லா இருக்கு" என்றார். அந்தக் குரலை மறக்க மாட்டேன். இப்போது துண்டு நாற்காலியிலேயே இருக்கிறது. நேற்று 25 மீட்டரை நிற்காமல் கடந்தேன்.