உதவி தேவை: பான்டமில் கிளட்ச் கேபிள் மூன்றாவது முறையாக அறுந்துவிட்டது

தண்ணீர்மலைத் தம்பி:

வணக்கம். அப்பா விட்டுச் சென்ற 1962ஆம் ஆண்டு பி.எஸ்.ஏ. பான்டம் டி7 மோட்டார் சைக்கிள் வீட்டில் இருக்கிறது. பினாங்குக் கடற்காற்றில் ஹேண்டில்பாரின் குரோம் உரிந்து, ரப்பர் பிடிக்குள் இரும்பு செதில் செதிலாக வந்துவிட்டது. இரண்டு மாதங்களுக்கு முன் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் வேறொரு ஹேண்டில்பாரும் ஒரு ஜோடி லீவரும் வாங்கி மாட்டினேன். குழாயின் விட்டம் 22.2 மி.மீ., பழையதைப் போலவே.

அன்று பிடித்தது சனி. கிளட்சைப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. கேபிள் மூன்று முறை அறுந்தது, மூன்றும் லீவர் பக்கத்தில். கடைசி முறை துன் சார்டோன் சாலை ஏற்றத்தில், பின்னால் ஒரு லாரி. கிளட்ச் இல்லாமலே பாலேக் பூலாவ் வரை ஓட்டிச் சேர்த்தேன். பட்டறையில் கேட்டால், கிழட்டு வண்டி அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். நல்ல கேபிள் எங்கே கிடைக்கும்?

பட்டர்வொர்த்காரன்:

கிளட்ச் கனமாக இருப்பதால்தான் அறுகிறது. இன்னும் தடிமனான கேபிளாகப் போடுங்கள்.

பழைய இரும்பு:

தம்பி, கேபிள் வாங்க ஓடாதீர்கள். லீவர் திரும்பும் ஆணியின் நடுவிலிருந்து கேபிள் முனையிலுள்ள உலோகக் குமிழ் உட்காரும் துளையின் நடு வரை எத்தனை மி.மீ.? பழைய லீவரிலும் அளந்து பாருங்கள். கேபிள் இழை இழையாகப் பிரிந்து அறுகிறதா, குமிழ் மொத்தமாகக் கழன்று வருகிறதா? இன்னொன்று: வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். இன்ஜின் சத்தம் மாறுகிறதா?

தண்ணீர்மலைத் தம்பி:

ஐயா, பழையது 22, புதியது 27. இழை இழையாகத்தான் பிரிகிறது, குமிழின் விளிம்பிலேயே. குமிழைத் துளைக்குள் இறக்கவே ஸ்குரூடிரைவர் பிடியால் தட்ட வேண்டியிருந்தது. இடது பக்கம் முழுவதும் திருப்பினால் இன்ஜின் தானாக உறுமுகிறது. இதை நான் கவனித்ததே இல்லை.

பழைய இரும்பு:

கை வலிக்குக் காரணம் அந்த 5 மி.மீ.தான். பிரிட்டிஷ் லீவர்களில் ஆணிக்கும் துளைக்கும் இடையிலான அந்தத் தூரம் முக்கியமாக இரண்டு அளவில் உண்டு: 7/8 அங்குலம் (22 மி.மீ.), 1 1/16 அங்குலம் (27 மி.மீ.). வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தூரம் கூடினால் கேபிள் அதிகம் இழுபடும், கைக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பாரம் கூடும். ஹேண்டில் குழாயின் விட்டம் மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். நானும் ஒரு காலத்தில் மாட்டிக்கொண்டவன்தான்.

ஆனால் பட்டர்வொர்த் தம்பி சொன்னது சரியல்ல, கேபிள் அறுவதற்கு அந்தப் பாரம் காரணமல்ல. கேபிளில் விழும் இழுவையைத் தீர்மானிப்பது கிளட்ச் ஸ்பிரிங். லீவரை இழுக்கும்போது குமிழ் துளைக்குள் சுழல வேண்டும். தட்டி இறக்கிய குமிழ் சுழலாது. ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி ஒரே இடத்தில் மடங்கி நிமிர்ந்து, ஓர் இழை போகும், பிறகு அடுத்தது. தடிமனான கேபிள் மடங்கினால் இன்னும் சீக்கிரம் போகும். துளைக்குள் இருக்கும் குரோமை வட்ட அரத்தால் சுரண்டி, குமிழ் விரலாலேயே சுழலும்படி செய்து கிரீஸ் வையுங்கள்.

இன்ஜின் உறுமுவதை மட்டும் இன்றே கவனியுங்கள். புது ஹேண்டில் பழையதைவிட உயரம் போலிருக்கிறது. பழைய ஆக்சிலரேட்டர் கேபிள் அதற்கு எட்டவில்லை. அந்தச் சாலையின் கொண்டையூசி வளைவில் வண்டி தானாக வேகமெடுத்தால் பள்ளத்தாக்குதான். நீளமான கேபிள் போடும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

கம்பி சுற்றுபவள்:

கேபிளை நானே செய்துகொள்வேன். முனை இழைகளைத் துடைப்பம்போல் விரித்து, குமிழின் குழிக்குள் அடக்கி, உருக்கிய ஈயத்தில் முக்குவேன். நேரடியாக நெருப்பைக் காட்டினால் எஃகுக் கம்பியின் உறுதி போய்விடும். பற்றவைக்கப் பூசிய அமிலத்தைத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், இல்லையென்றால் உள்ளே அரிக்கும். லீவரை ஹேண்டிலோடு பிடிக்கும் கிளாம்பை இறுக்கித் தொலைக்காதீர்கள். வண்டி விழுந்தால் லீவர் சற்றுத் திரும்பட்டும், முறியாமல் தப்பிக்கும்.

தண்ணீர்மலைத் தம்பி:

பழைய லீவரையே துரு நீக்கி மாட்டிவிட்டேன். இப்போது இரண்டு விரலுக்கு அடங்குகிறது! ஆக்சிலரேட்டர் கேபிளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை வண்டி திண்ணையில்தான். ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி.

பட்டர்வொர்த்காரன்:

அந்த 27 மி.மீ. லீவரை எறிந்துவிடாதீர்கள். என் வண்டியில் கிளட்ச் முழுவதும் விடுபடாமல் கியர் கரகரக்கிறது, எனக்கு நேர் எதிரான நோய்போலத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரியில் வருகிறேன், என்ன விலை?