திறந்து மேயும் கோழிகளைப் பகலிலேயே ஏதோ பிடிக்கிறது, எப்படித் தடுப்பது?

கேள்வி:

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் கோழிகளைத் திறந்துவிட்டு வளர்க்கிறேன். காலையில் கூண்டைத் திறந்தால் பொழுது சாயும்போது அவையே வந்து அடைந்துவிடும், கதவைத் தாழ் போட்டுவிடுவேன், இரவில் பெரிய கோழி எதுவும் இதுவரை போனதில்லை. பிரச்சினை பகலில்தான். தாயோடு திரியும் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன, ஒரு சிறகுகூடக் கிடைப்பதில்லை. போன வாரம் நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த பெட்டை ஒன்று வேலியோரப் புதரடியில் செத்துக் கிடந்தது. கழுத்தில் பல் பட்ட காயம், உடம்பை அதிகம் தின்னவில்லை. இது போதாதென்று அடை வைத்த முட்டைகளும் சில நாள் காலையில் காணவில்லை, ஓட்டுத் துண்டுகூட மிச்சமில்லை.

பழைய குறுந்தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டேன். சில நாள் ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் பழையபடி. நாள் முழுக்க அடைத்துப்போட எனக்கு மனமே வரவில்லை, மண்ணைக் கிளறிப் பூச்சி பொறுக்கித் திரிகிற உயிர் அது. எது வருகிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் வருவது ஒரே ஆள் இல்லை, குறைந்தது மூன்று. ஒன்றுக்குச் செய்யும் ஏற்பாடு இன்னொன்றைத் தடுக்காது, அதனால்தான் எதைச் செய்தாலும் பலன் இல்லாதது போல இருக்கிறது.

பட்டப்பகலில் தடயமே இல்லாமல் குஞ்சு போனால் முதலில் வானத்தைப் பாருங்கள். பருந்து, வல்லூறு இரண்டும் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும், தரையில் ஒன்றும் மிஞ்சாது. தூக்க முடியாத பெரிய கோழியைப் பறவை அடித்திருந்தால், அந்த இடத்திலேயே சிறகைப் பிடுங்கி வட்டமாகப் போட்டுவிட்டு நெஞ்சுக் கறியைத் தின்றிருக்கும். உங்கள் பெட்டைக்கு அப்படி இல்லை. கழுத்தில் கடி, புதரடி, பகல் நேரம் என்றால் எனக்குக் கீரி மேல்தான் சந்தேகம். நாயாக இருந்தால் ஒன்றோடு நிறுத்தாது, துரத்தித் துரத்திப் பலவற்றைக் குதறிப் போட்டுவிட்டுத் தின்னாமலே போகும். நரி என்றால் பெரும்பாலும் கோழியையே கவ்விக்கொண்டு போயிருக்கும், அங்கங்கே சிறகு மட்டும் கிடக்கும்.

முட்டை ஓடுகூட இல்லாமல் போவது பாம்பு அல்லது பெருச்சாளி. பாம்பு முழுசாக விழுங்கும், எலி வகைகள் உருட்டிக்கொண்டு போகும். கீரி முட்டையை உடைத்துக் குடிக்கும், ஓடு கிடக்கும்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். கூண்டுக்கு என்ன வலை போட்டிருக்கிறீர்கள், கண் எவ்வளவு பெரிது? குஞ்சுகள் மேயும் இடத்தில் ஓடி ஒளிய ஏதாவது இருக்கிறதா?

பதில் 2:

ஒரு முட்டையில் எலி மருந்தைக் கலந்து வேலியோரம் வையுங்கள், ஒரே நாளில் முடிந்துவிடும்.

பதில் 3:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விஷம் யார் வாயில் போகும் என்று நம் கையில் இல்லை, வளர்ப்பு நாய், பூனை, கோழியேகூட அதைத் தின்னும். விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்கிற ஆந்தையும் சாகும். அந்த ஆந்தைதான் உங்கள் இடத்தில் எலியைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. பல நாடுகளில் பருந்து, கீரி போன்றவற்றைக் கொல்வது சட்டப்படி குற்றமும்கூட. கொன்றாலும் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். கோழி எளிதாகக் கிடைக்கிற இடமாக இருக்கும்வரை வந்துகொண்டேதான் இருக்கும்.

கேட்டவர்:

விஷம் வைக்கும் எண்ணம் இல்லை. கூண்டுக்கு அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலைதான், கண்ணுக்குள் இரண்டு விரல் நுழையும். நடுவில் வெறும் தரை, ஓரத்தில் மட்டும் புதர், குஞ்சுகள் பெரும்பாலும் நடுவில்தான் மேயும். அண்ணா, கீரிதான் என்று உறுதி செய்ய வழி இருக்கிறதா?

பதில் 1:

இருக்கிறது. செத்த கோழி கிடந்த இடம், வேலியில் சந்து உள்ள இடம், கூண்டு வாசல் மூன்றிலும் சாம்பலையோ நயமான மணலையோ மெல்லிசாகப் பரப்பி வையுங்கள். பூனைத் தடத்தில் நான்கு விரல், நகம் பதியாது. நாய்க்கும் நான்கு விரல்தான், நகம் பதியும். கீரிக்கு ஐந்து விரல், சிறிய தடம், நகக்கோடு நீளமாகத் தெரியும். மரநாய்க்கும் ஐந்து விரல் உண்டு, ஆனால் அது இரவில் வருவது. அதனால் சாயங்காலம் ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை பார்த்துத் தடத்தை அழித்துவிடுங்கள், பகலில் வந்ததா இரவில் வந்ததா என்பது அப்போதுதான் பிரியும். அசைவு கண்டால் படம் எடுக்கும் கேமரா கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி வலை. அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். நாய் பல்லால் இழுத்தால் பிய்ந்துவிடும், இரண்டு விரல் போகிற கண்ணில் எலியும் பாம்பும் தாராளமாக நுழையும். அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலை வாங்கி அதன் மேலேயே அடியுங்கள், வெறும் ஆணி போதாது, பட்டையும் திருகாணியும் போட்டு இறுக்குங்கள். காற்றுக்கு விட்ட திறப்பையும் வலையால் மூடுங்கள், பாம்பு வருவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு அடி அகலத்துக்கு அதே வலையைத் தரையோடு வெளிப்பக்கமாகப் படுக்க வைத்து மேலே மண்ணோ கல்லோ போடுங்கள். தோண்டுகிற விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்ட ஆரம்பிக்கும், வலை தட்டினால் இரண்டடி பின்னால் போய்த் தோண்டத் தெரியாது. செங்குத்தாகப் புதைப்பதைவிட இது வேலையும் குறைவு. தாழ்ப்பாளுக்கு ஒரு கொக்கியும் சேர்த்துப் போடுங்கள்.

சாயங்காலம் மிச்சத் தீவனத்தை எடுத்துவிடுங்கள். தீவனம் சிந்தினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

பதில் 4:

பகல் மேய்ச்சலைப் பற்றி நான் சொல்கிறேன், என் கவலை எப்போதும் குஞ்சுகள் மேல்தான். தாயோடு இருந்தாலும் முதல் ஆறு, எட்டு வாரம் வரைக்கும் வெட்டவெளியில் விடாதீர்கள். மேலேயும் வலை போட்ட, அடியில்லாத நகர்த்தும் கூண்டு ஒன்று செய்து, தாயையும் குஞ்சையும் உள்ளே விட்டுத் தினமும் இடம் மாற்றிக்கொண்டே போங்கள். புல்லும் கிடைக்கும், பூச்சியும் கிடைக்கும், பருந்தும் தொடாது. கொஞ்ச நேரத்துக்குப் பஞ்சாரம், அதாவது கோழி மேல் கவிழ்க்கும் கூடை, போதும், நாள் முழுக்க என்றால் அது நெருக்கம்.

பெரிய கோழிகளுக்கு வெட்டவெளியின் நடுவே ஒளிய இடம் வேண்டும். நாலு கால் நட்டு முழங்கால் உயரத்தில் பழைய தகரமோ பலகையோ போட்டால்கூடப் போதும், ஓடினால் சில நொடியில் எட்டுகிற தூரத்தில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஆனால் வேலியோரப் புதரின் அடிக்கிளைகளைக் கழித்து, கீழே வெளிச்சம் தெரிகிற மாதிரி வையுங்கள். அடர்ந்த புதர் கோழிக்கு எவ்வளவு மறைவோ அதே அளவு கீரிக்கும் மறைவு.

நல்ல சேவல் ஒன்று இருக்கட்டும். வானத்தில் நிழல் தெரிந்தால் ஒரு மாதிரியும், தரையில் நாயோ கீரியோ வந்தால் கெக்கெக் என்று விடாமல் இன்னொரு மாதிரியும் குரல் கொடுக்கும், பெட்டைகளும் அதற்கேற்றாற்போல் ஒளியும் அல்லது தலையைத் தூக்கிப் பார்க்கும். அது தடுக்காது, எச்சரிக்கும். எச்சரித்தபின் ஓட இடம் இருந்தால்தான் பயன். வேலி தாண்டுகிறது என்று இறக்கையை வெட்டியிருந்தால் இனி வெட்டாதீர்கள், நாய் துரத்தும்போது மரமேற அந்த இறக்கைதான் உதவும்.

குறுந்தகடு, பொம்மை எல்லாம் இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால் ஓரளவு பலன் தரும், ஒரே இடத்தில் தொங்கினால் பருந்துக்குப் பழகிவிடும்.

பதில் 5:

மின்வேலி வலை போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நாய்க்கும் நரிக்கும் நல்ல தீர்வு. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் அதிர்ச்சி குறைந்துவிடும், வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குஞ்சு அதன் கண்ணுக்குள் புகுந்து வெளியே போய்விடும், வானத்திலிருந்து வருவதற்கும் அது தடையில்லை.

கேட்டவர்:

எல்லாருக்கும் நன்றி. சாம்பலில் ஐந்து விரல் தடம் புதருக்கும் வேலிச் சந்துக்கும் நடுவில் தெளிவாக இருந்தது, பகலில் பதிந்ததுதான். சந்தை அடைத்து, புதரின் அடியைக் கழித்தாயிற்று, கூண்டுக்கு அரை அங்குல வலை அடித்தபின் முட்டை போகவில்லை. குஞ்சுகள் நகர்த்தும் கூண்டில் இருக்கின்றன. இதற்கிடையில் தெருநாய் ஒன்று பாய்ந்து ஒரு விடைக்கோழியைக் கவ்விவிட்டது, சத்தம் போட்டதும் விட்டுவிட்டு ஓடிற்று. முதுகில் கொஞ்சம் சிறகு போயிருக்கிறது, வெளியே பெரிய காயம் தெரியவில்லை. அப்படியே விட்டுவிடலாமா அக்கா?

பதில் 4:

விடாதீர்கள். பல் குத்திய ஓட்டை சிறகுக்குள் மறைந்திருக்கும், இறக்கைக்கு அடியிலும் வால் பக்கமும் சிறகை விலக்கி விலக்கிப் பாருங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரில் உப்புக் கலந்து கழுவுங்கள், ஈ மொய்க்காத, கதகதப்பான, இருட்டான இடத்தில் தனியாக வையுங்கள், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். கடித்த காயம் உள்ளே சீழ் பிடிக்கும், ஆழமாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் இன்றைக்கே காட்டுங்கள். தோல் மூடி ஆறும்வரை மற்றக் கோழிகளோடு சேர்க்க வேண்டாம், இரத்தத்தைக் கண்டால் அவையே கொத்திப் பெரிதாக்கிவிடும்.