அனுபவம்: அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) மெயில் சர்வர் பற்றிப் பேசியது

நம்ம ஊர் வியாபாரிகளிடம் ஓப்பன் சோர்ஸ் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று மூல நிரலைத் திறந்து வைத்த) மெயில் சர்வர் பற்றிப் பேசப் போகிறவர்கள் "இலவசம்" என்று தொடங்க வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே இங்கே சந்தேகம் வந்துவிடும். மார்த்தாண்டம் பக்கம் முந்திரிப் பருப்பு ஏற்றுமதி செய்யும் முதலாளி ஒருவர் என்னிடம் கேட்டது: "சும்மா கெடைக்கிற சாதனம் நாளைக்கு நின்னுபோனா யாரைப் பிடிக்க, தம்பி?"

நியாயமான கேள்வி. மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள் 1998-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்றேன். தலையாட்டினார், அவ்வளவுதான். மென்பொருளுக்குக் காசில்லை, ஆனால் சர்வர் வாடகையும் பராமரிப்புக்கு என் கூலியும் உண்டு, ராத்திரி நின்றாலும் என்னைக் கூப்பிடலாம் என்று சொன்ன பிறகுதான் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டார்.

அவருடைய உண்மையான வலி வேறு. டாக்குமென்ட் வேலை பார்த்த பையன் கல்ஃபுக்குப் போய்விட்டான். சரக்கு வாங்குபவர்களோடு பேசிய மெயிலெல்லாம் அவனுடைய சொந்தக் கணக்கில். சரி என்று லேப்டாப்பைத் திறந்து, என் சோதனை டொமைனில் 'சேல்ஸ்' என்று ஒரு பெட்டி உருவாக்கி, ஆபீஸில் இருந்த அக்காவின் போனில் சேர்த்தேன். முதலாளி தன் போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பினார், வந்து விழுந்தது. உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். அக்காவின் போன் புது பாஸ்வேர்ட் கேட்டு நின்றது. லேப்டாப்பில், பிரவுசரிலேயே மெயில் பார்க்க உதவும் ரவுண்ட்கியூபைத் திறந்தால் மெயில் அப்படியே இருக்கிறது. "அப்ப ஆள் போனாலும் லெட்டர் போவாது" என்றார். நான் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

அப்புறம் சர்வரை ஆபீஸிலேயே வைக்கலாமே என்றார். 2017 ஒக்கி புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நினைவுபடுத்தினேன். சர்வர் கொஞ்ச நேரம் படுத்தால் மெயில் தொலையாது. அனுப்புகிற பக்கம் திரும்பத் திரும்ப முயலும், போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் வழக்கமாக 5 நாள் வரை. ஆனால் ஒக்கி மாதிரி வந்தால் அது போதாது. போதாக்குறைக்கு, சாதாரண பிராட்பேண்ட் இணைப்பில், மெயில் சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பும் வழியான 25-ஆம் போர்ட் பெரும்பாலும் அடைத்தே இருக்கும். வாடகை சர்வர்தான் சரி என்று முடிவானது.

மெயில் நிஜமாகவே நம் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கிவிட்டன. இன்வாய்ஸ் ஸ்பாமில் விழுந்தால் பழி மென்பொருள் மேல்தான் வரும்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒருவரும் விசாரித்தார். அவருக்கு வாட்ஸ்அப்பிலேயே வியாபாரம் முடிகிறது. உங்களுக்கு இது வேண்டாம் அண்ணே என்று நேராகவே சொன்னேன். அண்டி ஆபீஸ் நடத்தும் தன் மச்சானின் நம்பரைக் கொடுத்து அனுப்பினார்.