தோள் மூட்டு மாற்றியும் வலி நிற்கவில்லை: எங்கள் அனுபவம்

முழங்கால் மூட்டு மாற்றியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். தோள் மூட்டு மாற்றியவர்களைத் தர்மபுரி பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் அம்மாவுக்கு நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

பாலக்கோடு பக்கம் எங்களுக்குத் தக்காளித் தோட்டம். அம்மாவுக்கு வலது தோளில் மூட்டுத் தேய்மானம், கையைத் தூக்கினால் உள்ளே நறநறவென்று உரசும். களி கிண்டத் துடுப்பைப் பிடிக்க முடியாமல் போன பிறகுதான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டார். தோளைச் சுற்றியுள்ள தசைநார்கள் கிழியாமல் இருந்ததால், இயற்கையாக இருப்பது போலவே பந்தை மேல்கையிலும் கிண்ணத்தைத் தோள்பட்டை எலும்பிலும் வைத்தார்கள்.

தையல் ஆறியது, ஸ்லிங் கழற்றியாயிற்று, பிசியோதெரபியும் ஒழுங்காக நடந்தது. பழைய உரசல் போய்விட்டது. ஆனால் அசைக்காமல் இருந்தாலும் உள்ளுக்குள் குடைகிற ஒரு வலி புதிதாக வந்தது. ராத்திரியில் முழங்கைக்கு அடியில் தலையணையை வைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். கொண்டை போட அக்காவைக் கூப்பிடுவார்.

ஆபரேஷன் செய்த இடத்தில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "மூட்டு நல்லா உட்கார்ந்திருக்கு, வயசாச்சு இல்லையா, போகப் போகச் சரியாகும்" என்றார்கள். காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை, சீழ் இல்லை. உடலில் அழற்சியோ தொற்றோ இருந்தால் கூடும் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் சரியாகவே இருந்தன. தோள் முழுசாகத் தேற ஒரு வருடம்கூட ஆகலாம் என்பது உண்மைதான். ஆனால் குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போகிறவருக்கு அது ஒரு பதிலா? எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. "நெசமாத்தான் வலிக்குது கண்ணு, நான் சும்மா சொல்லல" என்று அம்மா என்னிடமே சொல்லும்படி ஆகிவிட்டது.

அப்புறம் சேலத்தில் வேறொரு எலும்பு டாக்டரைப் பார்த்தோம். தொப்பூர் கணவாய் முழுக்க வண்டி குலுங்கும்போதெல்லாம் அம்மா இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டே வந்தார். அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" இல்லை என்றதும், மூட்டு நீரை எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பும்வரை சாப்பிட வேண்டாம் என்றார்.

காரணத்தையும் பொறுமையாக விளக்கினார். கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்று ஒரு கிருமி. தோள், அக்குள் பக்கத்துத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் எல்லோருக்கும் இருப்பதுதான். ஆபரேஷனின்போது உள்ளே போய் மூட்டில் ஒட்டிக்கொண்டால், காய்ச்சலோ வீக்கமோ காட்டாமல் வலியும் இறுக்கமுமாக மட்டும் இருக்கலாம். மிக மெதுவாக வளரும் என்பதால் சாதாரணக் கல்ச்சர் மாதிரி சில நாளில் லேபில் முடித்துவிடக் கூடாது, 14 நாள் வைத்துப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட்டால் கிருமி இருந்தும் கல்ச்சரில் வராமல் போகலாம். சிலருக்கு ஊசியில் நீரே வராதாம், அப்போது உள்ளிருந்து திசு எடுத்துப் பார்ப்பார்களாம்.

அம்மாவுக்கு முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரத்தில் வளர்ந்தது.

பிறகு மூட்டைக் கழற்றி, அந்த இடத்தில் தற்காலிகமாக ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் ஸ்பேசர் வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, கடைசியில் பந்தும் கிண்ணமும் இடம் மாறியிருக்கும் ரிவர்ஸ் மூட்டு வைத்தார்கள். சுலபமான காலமில்லை. இப்போது அம்மா படுத்துத் தூங்குகிறார், கொண்டையைத் தானே போட்டுக்கொள்கிறார். தக்காளிப் பெட்டி தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதுதான் அவருக்குக் குறை.

*

ராயக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. எனக்கு முதலிலேயே ரிவர்ஸ் மூட்டுதான், தசைநார் கிழிந்திருந்தது. நன்றாக இருந்த கை சில மாதம் கழித்துத் திடீரென வலித்தது. விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்குத் தோளின் உச்சியில் ஒரே இடத்தில் வலி. எக்ஸ்ரேயில் தெரியவில்லை, சிடி ஸ்கேனில் அக்ரோமியன் எலும்பில் விரிசல். ரிவர்ஸ் மூட்டில் கையைத் தூக்கும் வேலை முழுக்க தோளைப் போர்த்தியிருக்கும் டெல்டாய்டு தசைமேல் விழுவதால், அது இழுத்து இழுத்து இப்படி ஆவதுண்டாம். திரும்பவும் ஸ்லிங் போட்டு ஓய்வில் இருந்தேன், அடங்கிவிட்டது. ஸ்பேசர் இருந்தபோது அம்மாவால் கையை அசைக்க முடிந்ததா?

*

முடிந்தது தம்பி, கொஞ்சம். இடுப்பு உயரத்தில் தட்டைப் பிடித்துச் சாப்பிடுவார். அதற்கு மேலே தூக்க முடியவில்லை. உங்கள் வலி எந்த இடத்தில் என்று காட்ட முடிந்ததைப் போல அம்மாவால் முடியவில்லை, தோள் முழுக்க என்றுதான் சொல்வார். டாக்டரிடம் போகிறவர்கள் இதையும் சொல்லுங்கள், கிருமிக்கும் எலும்பு விரிசலுக்கும் தேடும் வழி வேறு.