பொருள்: 'வேக அயன்' வேண்டாம், 'கடுகதி அயன்' எப்படி?

வணக்கம்.

இணைவுப் பிளாசுமாச் சொற்பட்டியலில், அதாவது அணுக்கருக்கள் இணையும் அளவுக்குச் சூடாக்கிய மின்னேற்ற வாயு பற்றியதில், fast ion என்பதற்கு 'வேக அயன்' என்று போட்டிருக்கிறீர்கள்; பிளாசுமாவின் சாதாரண அயன்களைவிட மிகக் கூடிய சத்தியோடு (ஆற்றலோடு) ஓடும் அயன் அது. திருகோணமலையில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற எனக்கு அது சரிவராது. போன கிழமை வகுப்பில் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி முடிக்கவில்லை, முன்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "சேர், வேகம் காவியெல்லோ, எந்தத் திசைக்கு?" என்று கேட்டாள். எங்கள் பாடநூலில் காவி என்றால் திசையுள்ள கணியம்; திசை சேர்ந்தால் வேகம், சேராவிட்டால் கதி. தமிழகத்தில் திசையில்லாததுதான் வேகம், சேர்ந்தால் திசைவேகம். நடுவில் கடல் மட்டுமா கிடக்கிறது!

அதைவிட, இந்த அயன் யாரைவிட வேகம்? ஐதரசனின் பாரமான வகைகளான டியூட்டீரியமும் திரித்தியமும் இணையும்போது பிறக்கிற அல்பாத் துணிக்கைக்கு (ஈலியக் கருவுக்கு) 3.5 மெகா இலத்திரன்வோல்ற்று சத்தி. செக்கனுக்குச் சுமார் 13,000 கி.மீ. ஓடும். அதே பிளாசுமாவில் 10 கிலோ இலத்திரன்வோல்ற்று உள்ள சாதாரண இலத்திரன் 50,000 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. ஆக, இது தன் இனத்துக்குள்தான் முந்துகிறது.

அதனால் 'கடுகதி அயன்'. கடுகதி என்ற சொல்லை நாங்கள் அகராதியில் தேடவில்லை, புகையிரத நிலையத்தில் கேட்டு வளர்ந்தோம். கடுகதி வண்டி சின்னத் தரிப்பிடங்களில் நிற்காது. இந்த அயனும் அப்படித்தான்: சத்தி கூடியிருக்கும்வரை மற்ற அயன்களோடு மோதுவது குறைவு, இலத்திரன் கூட்டத்தோடு உரசியே சத்தி இழக்கும். ஓர் அவதிச் சத்திக்கு (critical energy) கீழே இறங்கியதும் அயன்கள் பிடித்துக்கொள்ளும், திசையும் சிதறும். கடைசியில் எல்லாத் தரிப்பிலும் நிற்கிற வண்டிதான்.

— திருகோணமலையிலிருந்து

*

ஐயா, வணக்கம். இங்கே 'கதி' என்றால் தலைவிதி. 'அதோகதி அயனி' என்று கிண்டல் பண்ணுவார்கள். 'மிகு ஆற்றல் அயனி' என்றே வைத்துக்கொள்ளலாமே? இன்னொரு சந்தேகம்: திசை வேண்டாம் என்கிறீர்கள், ஆனால் அளக்கிறவர்களுக்குத் திசைதானே எல்லாம்?

— மதுரையிலிருந்து

*

தம்பி, கிண்டல் பண்ணட்டும், சொல் பரவும். 'மிகு ஆற்றல்' என்பதைத் தொடவேண்டாம். கட்டுமீறி ஓடுகிற இலத்திரனும் அதற்குள் வருமே, அந்தப் பெரிய வகுப்புக்கு அது இருக்கட்டும்.

திசை பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. கற்றையாக உட்செலுத்திய நடுநிலை அணுவிடமிருந்து கடுகதி அயன் ஓர் இலத்திரனைப் பறிக்கிறது. பறித்த கையோடு ஒளி விடுகிறது. டியூட்டீரியம் நின்றுகொண்டு விட்டிருந்தால் அந்த ஒளியின் அலைநீளம் 656.1 நானோமீற்றர். 80 கிலோ இலத்திரன்வோல்ற்று டியூட்டீரியம் ஒளியை அளக்கும் கருவியை நோக்கி நேரே வந்தால் அது ஏறத்தாழ 6 நானோமீற்றர் நீலப்பக்கம் நகரும், விலகி ஓடினால் சிவப்புப்பக்கம். குறுக்கே ஓடினால்? நகர்வே இல்லாததுபோல் தெரியும், எவ்வளவு கதியென்றாலும். ஆக, கருவி பார்க்கிற ஒரு பார்வைக்கோடு வேகவெளியின் (அயன்களின் எல்லாக் கதிகளும் திசைகளும் அடங்கிய வெளியின்) ஒரு துண்டைத்தான் காட்டும். வெவ்வேறு கோணத்தில் பல கோடுகள் வைத்து, மாதிரித் துணிக்கைகளை ஒவ்வொன்றாகக் காந்தப் புலத்தில் ஓட்டிய கணினி ஒப்புருவாக்கத்தோடு ஒப்பிட்டால்தான் முழுப் பரம்பலும் பிடிபடும்.

எனவே திசைக்குத் தனிச்சொல் தேவை. புலக்கோட்டுக்குச் சமாந்தரமான வேகக்கூறை மொத்தக் கதியால் வகுத்து வருகிற எண்ணுக்கு 'புரிச்சாய்வு' என்கிறேன். அயன் புலக்கோட்டைச் சுற்றித் திருகாணிப் புரிபோலத்தான் போகிறது. 'கடுகதி' சத்தியைச் சொல்லும், 'புரிச்சாய்வு' திசையைச் சொல்லும்.

சில அயன்கள் வாழைப்பழ வடிவில் போய்த் திரும்பும் பாதையை நாங்கள் 'வாழைப்பழ ஒழுக்கு' என்போம். எங்களுக்குச் சுற்றுப்பாதையும் ஒழுக்குத்தான், மழைக்குக் கூரை ஒழுகுவதும் ஒழுக்குத்தான். அந்தப் பாதையில் போகிற அயன்களிற் சில பிளாசுமாக் கலனின் சுவரில் முட்டித் தொலைகின்றன என்பதால் எனக்குச் சொல்லை மாற்ற மனமில்லை. உங்கள் பக்கம் என்ன சொல்கிறார்கள்?