ஜமைக்காக்காரரோடு உட்கார்ந்து ‘டாக்டர் நோ’ பார்த்தேன்

ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் முதல் திரைப்படமான ‘டாக்டர் நோ’ எனக்குப் பல வருடப் பழக்கம். ஆனால் அதற்குள் ஜமைக்கா என்று ஒரு நாடு இருப்பதை, லண்டனில் என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் சொல்லித்தான் கவனித்தேன். ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் பிறந்து வளர்ந்தவர் அவர்.

நான் பாண்டாக நடித்த ஷான் கானரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; அவர் கானரிக்குப் பின்னால் ஓடும் சாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமான நிலையம் வந்ததும் “பாலிசடோஸ்!” என்று கூவினார். பாண்டைப் படமெடுக்க முயலும் பெண் 1961இன் மிஸ் ஜமைக்கா என்று பெருமையாகச் சொன்னார். ஜமைக்க இசைக்குழுவான பைரன் லீ குழுவின் பாட்டுக்கு அவர் கால் தாளம் போட்டது. அர்சுலா ஆண்ட்ரஸ் கடலிலிருந்து எழுந்துவரும் புகழ்பெற்ற காட்சிக்கோ, “ஓச்சோ ரியோஸ் பக்கம்” என்பதோடு சரி.

படத்தில் பெரியவரின் மனதுக்கு நெருக்கமான ஆள், பாண்டுக்கு உதவும் படகோட்டி குவாரல்தான். அவன் இல்லாமல் பாண்ட் அந்த மர்மத் தீவுக்குப் போயே சேர்ந்திருக்க முடியாது. அவனிடம் பாண்ட், “என் ஷூவை எடுத்து வா” என்கிறான். டிராகன் என்று குவாரல் நம்பி அஞ்சும், நெருப்பு கக்கும் வண்டி பிறகு அவனை எரித்துக் கொல்கிறது. “கொன்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், ஷூ எடுக்கச் சொன்னதைப் பொறுக்க மாட்டேன்” என்றார் பெரியவர். படப்பிடிப்பு நடந்தது 1962 தொடக்கத்தில், பிரிட்டிஷ் ஆட்சியில். ஆகஸ்ட் 6 அன்று ஜமைக்கா சுதந்திரம் பெற்றது. அக்டோபர் 5 அன்று படம் லண்டனில் வெளியானபோது, அந்த ஏவல் ஒரு சுதந்திர நாட்டை நோக்கி ஒலித்தது.

குவாரலாக நடித்த ஜான் கிட்ஸ்மில்லர் அமெரிக்கர், இத்தாலியில் தங்கிவிட்டவர். 1957இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கிய முதல் கறுப்பினத்தவர். அப்படிப்பட்ட கலைஞரை டிராகனுக்கு அஞ்சிக் கண்ணை உருட்ட வைத்துவிட்டார்களே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

படத்தின் மீது எனக்குள்ள பிரியம் போய்விடவில்லை. கென் ஆடம் அமைத்த அரங்கங்களுக்காகவே மறுபடி பார்ப்பேன். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் 1961இல் திருடுபோன வெலிங்டன் பிரபுவின் ஓவியத்தின் நகலை வில்லனின் மாளிகையில் வைத்த குறும்பு இப்போதும் ரசிக்க வைக்கிறது.

பின்னர் நாங்கள் இருவரும் கிட்ஸ்மில்லருக்கு அந்த விருதைத் தந்த ‘வேலி ஆஃப் பீஸ்’ (Dolina miru) என்ற யுகோஸ்லாவியப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தோம். போரில் அனாதையான இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றப் பாடுபடும் அமெரிக்க விமானியாக வருகிறார். அங்கே அவர்தான் கதாநாயகன். ‘டாக்டர் நோ’ பார்த்தவர்கள் அதையும் கட்டாயம் பாருங்கள்.