‘பெரிய வீடு’ குழுவில் ஒரு மாமரம்

அத்தை: நேற்று ராத்திரிக் காற்றில் மாமரத்துக் கிளை முறிந்து தொட்டிக் குழாய் மேல் விழுந்துவிட்டது. தொட்டி காலி. பல் துலக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

அக்கா: ஐயோ. உங்களுக்கு ஒன்றும் இல்லையே?

அத்தை: எனக்கென்ன. மரம்தான் மாடியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். பாதியோடு மொட்டையடிப்பதா, வேரோடு எடுப்பதா, சொல்லுங்கள். அப்புறம் நம் ஏணி யாரிடம் இருக்கிறது?

அப்பா: ம்

தம்பி: எதற்கு ம்?

அப்பா: படித்துவிட்டேன் என்பதற்கு

சித்தப்பா: வேரோடா? ஒன்பது வருடம் முன்பு தோளில் சுமந்து வந்து வைத்தவன் நான். ஒட்டு மரம், பத்தடிக்கு மேல் போகாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

அக்கா: இப்போது இருபதடி, சித்தப்பா

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: ஒட்டு என்றாலே குட்டை என்று நீங்களாக நினைத்துக்கொள்கிறீர்கள். ஒட்டுவது ரகம் மாறாமல் இருக்க. கொட்டை போட்டால் தாய் மரத்துப் பழமே கிடைக்கும் என்று உறுதி இல்லை. காய்க்கிற மரத்திலிருந்து எடுத்த குச்சி என்பதால் ஒட்டு மரம் 3, 4 வருடத்திலேயே காய்த்துவிடும். ஆனால் உயரம் பெரும்பாலும் கீழே இருக்கிற வேர்ச்செடியின் கையில். மாங்கன்றுக்கு வேர்ச்செடி எப்படி வருகிறது? பெரும்பாலும் கிடைத்த கொட்டையை முளைக்கப்போட்டு அதன் மேல் ஒட்டுகிறார்கள். அந்தக் கொட்டை எந்த மரத்துடையது என்று கேட்டால் விற்றவருக்கே தெரியாது. பிறகு எப்படிப் பத்தடி என்று வாக்குக் கொடுக்க முடியும்?

தம்பி: பெரியப்பா ஆரம்பித்துவிட்டார்

அத்தை: அண்ணா, ஏணி?

பெரியப்பா: ஆப்பிளில் இதை ஒழுங்காகச் செய்தார்கள். இங்கிலாந்தில் ஈஸ்ட் மாலிங் என்ற இடத்தில் 1913-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அந்தக் காலத்தில் ஒரே பெயரில் பல வேர்ச்செடிகளும், ஒரே செடிக்குப் பல பெயர்களும் புழங்கின. அவற்றையெல்லாம் பிரித்து எண் கொடுத்தார்கள். எம் 9 வேரில் ஏற்றிய ஆப்பிள் இரண்டரை, மூன்று மீட்டரில் நிற்கும். அதே ரகத்தை எம்.எம். 106-இல் ஏற்றினால் நான்கு மீட்டர் வரை போகும். எம் 25 என்றால் அதற்கும் மேல். மேலே இருப்பது ஒரே ரகம், வேர் மட்டும் வேறு.

அக்கா: அப்படியென்றால் எம் 27 தென்னை உயரமா?

பெரியப்பா: அதுதான் எல்லாவற்றிலும் குட்டை. இரண்டு மீட்டர்கூட வராது. அந்த எண்ணுக்கும் உயரத்துக்கும் சம்பந்தம் இல்லை.

தம்பி: அதையே மாடியில் தொட்டி வைத்து வளர்க்கலாமே

பெரியப்பா: பெரும்பாலான ஆப்பிளுக்குக் குளிர்காலம் வேண்டும். குட்டை வேரிலும் சங்கடம் உண்டு. எம் 9 வேர் பலவீனம், சட்டென்று ஒடியும். மரம் இருக்கும்வரை முட்டுக்கழி வேண்டும். பக்கத்தில் களை இருந்தால் தண்ணீருக்குப் போட்டியிட்டுத் தோற்கும். ஆனால் சீக்கிரம் காய்க்கும், கிளைகளும் விரிந்து படுத்தாற்போல வரும். காய்க்கே பலம் போவதால் வளர்த்தி இன்னும் குறையும்.

அக்கா: வேர் எப்படி மேலே இருப்பதை அடக்குகிறது?

பெரியப்பா: நுனித் தளிரில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பட்டை வழியாக வேருக்கு இறங்கும். குட்டை வேர்ச்செடியின் பட்டை அதைக் கொஞ்சமாகத்தான் விடுகிறது என்கிறார்கள். வேரும் பதிலுக்குத் தன் வளர்ச்சி ஹார்மோனைக் குறைவாகவே மேலே அனுப்பும். இன்னொன்று கேளுங்கள். பேரிக்காயைக் குயின்ஸ் என்ற வேறொரு பழமரத்தின் வேரில் ஒட்டினால் குட்டையாக நிற்கும், ஆனால் சில ரகங்கள் அதோடு ஒட்டவே ஒட்டாது. அப்போது இரண்டோடும் ஒத்துப்போகிற மூன்றாவது ரகத்தில் ஒரு துண்டை நடுவில் வைப்பார்கள்.

அத்தை: உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை வருடம் நான் நின்ற மாதிரி

அப்பா: ம்

சித்தப்பா: அதெல்லாம் சரி. அடியில் மண்ணைக் குவித்ததால்தான் மரம் இப்படிப் போனது என்று ஒவ்வொரு விசேஷத்திலும் என்னைச் சொல்வீர்களே, அது?

பெரியப்பா: ஆப்பிள் என்றால் தப்புதான். ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் போனால் மேல் ரகமே வேர் விட்டுக்கொள்ளும், குட்டை வேரின் கட்டுப்பாடு போய்விடும். இந்த மாமரத்தின் வேர் முதலிலேயே குட்டை இல்லை. ஆகவே உயரத்துக்கு நீ காரணம் இல்லை.

சித்தப்பா: எல்லோரும் படித்தீர்களா? ஸ்டார் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்

பெரியப்பா: ஆனால் பட்டை அழுகும். மண்ணை எடு.

அக்கா: பழைய மரத்தில் ஊஞ்சல் கட்டினோமே, அது கொட்டை போட்ட மரமா?

அத்தை: ஆமாம், தாத்தா போட்ட கொட்டை. தம்பி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது அதில்தான்

தம்பி: தள்ளிவிட்டது யார் என்பதையும் சொல்லுங்கள்

அத்தை: பேச்சை மாற்றாதீர்கள். மொட்டையடிக்கலாமா?

பெரியப்பா: வேண்டாம். நுனியை வெட்டினால் ஒன்றுக்கு நாலாகக் குச்சி நேராகக் கிளம்பும், அடுத்த வருடம் இதே உயரம். காய் பறித்தாகிவிட்டது, கவாத்துக்கு இதுதான் நேரம். தள்ளிப்போட்டால் புதுத் தளிர் முற்றாது, பூ வராது. நடுவில் நிமிர்ந்து போகிற ஒரு கிளையை மட்டும் அது பிரியும் இடத்திலேயே எடுக்கச் சொல். மற்றது அடுத்த வருடம்.

தம்பி: நான் இன்னும் வேரோடு எடுக்கும் கட்சிதான். குட்டை வேரில் வேறு மாமரம் வைக்கலாம்

பெரியப்பா: வெள்ளைக்கொளம்பான் என்ற மா ரகத்தின் வேரில் ஏற்றிய அல்போன்சா குட்டையாக நின்றதாகப் பதிவு உண்டு. விற்கிறவரிடம் வேரின் பெயரைக் கேள். சொன்னால் பார்க்கலாம்.

சித்தப்பா: என் மரத்தின் மேல் யாரும் கை வைக்க வேண்டாம். ஒரு கிளை, அவ்வளவுதான்

அத்தை: ஞாயிறு காலை ஏழு மணி. யார் யார் வருகிறீர்கள்?

அப்பா: ம்

அக்கா: அது வருகிறேன் என்பதா, படித்தேன் என்பதா?

அத்தை: வருகிறவர் ஏணியோடு வாருங்கள்

சித்தப்பா: மூங்கில் ஏணியா, இரும்பு ஏணியா?